கழிப்பறைக்குப் பக்கத்து மனை

‘முகாம்’ என்ற சொல்லுக்கு எங்கள் ஊர்ப்பக்கத்தில் மகிழ்ச்சியான பொருள் எதுவும் இல்லை. கண் சிகிச்சை முகாம், குடும்ப அட்டை திருத்த முகாம், மண்டபம் அகதிகள் முகாம். கல்லூரியில் பணியாற்றுகிறவர்களுக்கு இவற்றோடு நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாம், அதன் கொசுக்கடி, அதன் செலவுக் கணக்கு. பாடிவீடு, பாசறை என்று இலக்கியத்துக்குள் போய்த் தேடினாலும் அங்கேயும் போர்க்களம்தான் எதிர்ப்படுகிறது. எனவே, ‘ஜூன் மாதம் எல்லாருமா முகாமுக்குப் போறோம், அம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க’ என்று அக்கா தொலைபேசியில் சொன்னபோது, பாளையங்கோட்டையில் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சொந்த வீடும் பெரிய தோட்டமும் இருக்கிற மனிதர்கள் எதற்காகக் காட்டில் போய்ப் படுக்க வேண்டும்?

அக்காவும் அத்தானும் டெட்ராய்ட் நகரத்துக்கு வெளியே, மிச்சிகன் மாநிலத்தில் பதினெட்டு ஆண்டுகளாக வசித்து வந்தார்கள். 2018இன் இலையுதிர் காலத்தில் அத்தான் பழைய டிராவல் டிரெய்லர் ஒன்றை வாங்கியிருந்தார். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறோம்: இருபத்து நான்கு அடி நீளமுள்ள தகரப் பெட்டி, உள்ளே ஒரு கட்டில், மடித்தால் படுக்கையாகும் சாப்பாட்டு மேசை, சுவரோடு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பலகைக் கட்டில்கள், அடுப்பு, குளிர்ப்பெட்டி, ஓர் ஆள் திரும்ப முடியாத கழிப்பறை. இதற்கென்று சொந்த எஞ்சின் கிடையாது. பிக்கப் வண்டியின் பின்னாலுள்ள இரும்புப் பந்தில் இதன் கழுத்தை மாட்டி இழுத்துச் செல்ல வேண்டும். சாமான் அடுக்குவதில் ஒரு கணக்கு உண்டு. மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு அந்தக் கழுத்தில் உட்கார வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலையில் பெட்டி வாலாட்டத் தொடங்கிவிடும், மிகுந்தால் இழுக்கிற வண்டியின் பின்புறம் அமுங்கி முன்சக்கரத்தின் பிடி தளரும். அத்தான் இதை விளக்கியபோது அம்மா இடைமறித்து, ‘முன்பாரம் பின்பாரம்னு சொல்லுங்க மாப்பிள்ளை, வண்டிமாட்டுக்காரனுக்குத் தெரியாததா?’ என்றாள்.

அப்பா 2017இல் காலமானார். அம்மாவுக்கு அப்போது எழுபத்தைந்து வயது. அதன் பிறகு எங்களோடுதான் இருந்தாள். அம்மாவைத் தன்னிடம் அழைத்துக்கொள்ள வேண்டும் என்பது அக்காவின் நெடுநாள் எண்ணம். நிரந்தரமாகத் தங்குவதற்கான விண்ணப்பத்தைப் பற்றிக்கூட வழக்கறிஞரிடம் பேசி வைத்திருந்தாள். இந்தப் பயணம் அதற்கான ஒத்திகை என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்களுக்குள்ளும் ஒரு கணக்கு இருந்தது. இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். இரவில் மூன்று முறை எழும் முதியவரோடு இரண்டு ஆண்டுகள் இருந்தவர்கள். அம்மாவுக்கு அந்த நாடு பிடித்துப்போனால் நமக்குச் சற்று மூச்சுவிட நேரம் கிடைக்கும் என்று நாங்கள் நினைக்கவே இல்லை என்று எழுதினால் அது பொய். ஆகவே இடத்தேர்வில் எங்களுக்கும் அக்கறை இருந்தது. அம்மாவுக்குப் பிடிக்கும்படியான இடமாக அது அமைய வேண்டும் என்று, அக்காவைப் போலவே, சற்று வேறு காரணத்துக்காக, நாங்களும் விரும்பினோம்.

இடத்தைத் தெரிவு செய்வது எளிதாக இல்லை. மிச்சிகன் மாநிலப் பூங்காக்களில் ஆறு மாதத்துக்கு முன்பே மனைகளைப் பதிவு செய்யலாம். ‘செய்யலாம்’ என்பது மரியாதைச் சொல். கோடையில் நல்ல மனை வேண்டுமானால் செய்தே ஆக வேண்டும். ஜூன் 17ஆம் தேதி போய் இறங்க டிசம்பர் 17ஆம் தேதி காலை எட்டு மணிக்குக் கணினி முன் உட்கார வேண்டும். அதற்கு முந்தைய இரண்டு மாதங்கள் அத்தானுக்கு ஓர் ஆசான் வாய்த்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர்; மோட்டார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; நாற்பது கோடைகளாக டிரெய்லர் இழுத்தவர். அவர் சொன்னவற்றை அத்தான் ஒவ்வோர் ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் எங்களுக்கு ஒப்பித்தார்.

தமிழ் கற்பிக்கிறவர்களுக்கு அதைக் கேட்டதும் ஆற்றுப்படைதான் நினைவுக்கு வரும். பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவர், இனிப் போகவிருக்கும் ஒருவருக்கு வழியும் உணவும் இடரும் சொல்லி அனுப்பும் இலக்கியம். வகுப்பில் புரவலனின் பெருமையைத்தான் அழுத்திச் சொல்வோம். தேர்வில் அதைத்தான் கேட்பார்கள். உண்மையில் மலைபடுகடாம் போன்ற நூலில் மனத்தைத் தொடுவது அந்த எச்சரிக்கைகள்தான்: வழுக்கும் பாறை எங்கே, விலங்குக்கு வைத்த பொறி எங்கே, எந்த இடத்தில் பார்த்துக் கால் வைக்க வேண்டும் என்பவை. தான் தடுமாறிய இடத்தில் பின்னால் வருகிறவன் தடுமாறக் கூடாது என்கிற கரிசனம். அந்தப் பெரியவரிடம் அது இருந்தது.

மனைக்குக் கொடுத்திருக்கும் நீளத்தை அப்படியே நம்பாதே, இழுக்கிற வண்டியை நிறுத்த இடம் உண்டா என்று பார் என்றார். கீழே பார்க்கிற அளவுக்கு மேலேயும் பார். கூரையைக் கிழிப்பது தாழ்ந்த கிளைதான். பின்னோக்கி நுழைக்க வேண்டிய மனையாக இருந்தால் ஓட்டுநர் பக்கம் இருப்பதைத் தேர்ந்தெடு, கண்ணாடியில் தெரியும். மறுபக்கத்து மனை குருடன் வேலை. தண்ணீர்த் தொட்டியை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு புறப்படாதே. நாற்பது காலன் நீர் என்பது நூற்றைம்பது கிலோ, அங்கே போய் நிரப்பிக்கொள். முப்பது ஆம்பியர் மின் இணைப்பு என்றால் மொத்தம் 3,600 வாட், அவ்வளவுதான். ஹீட்டரும் காப்பிக் கெட்டிலும் மைக்ரோவேவும் ஒன்றாக ஓடினால் இருட்டில் உட்கார வேண்டியதுதான். விறகு மட்டும் இங்கிருந்து எடுத்துப் போகவே போகாதே. இதைச் சொல்லும்போது அவர் தம் வீட்டு முன்னால் ஒரு வெற்றிடத்தைக் காட்டினாராம். அங்கே இருந்த ஆஷ் மரத்தை ஆசியாவிலிருந்து வந்த பச்சை நிற வண்டு தின்றுவிட்டது. 2002இல் டெட்ராய்ட் அருகேதான் அந்த வண்டை முதலில் கண்டுபிடித்தார்கள். தானாகப் பறந்து அது நெடுந்தொலைவு போவதில்லை. முகாமுக்குப் போகிறவர்களின் விறகுக்கட்டில் ஒளிந்து பயணம் செய்து கோடிக்கணக்கான மரங்களைக் கொன்றது.

முதலில் பூங்கா, பிறகு அதற்குள் மனை. அத்தானின் நெஞ்சில் இருந்தது லடிங்டன். ஒரு பக்கம் மிச்சிகன் பேரேரி, மறுபக்கம் ஹாம்லின் ஏரி, நடுவே மணல்மேடுகள். 1867இல் ஏற்றப்பட்ட கலங்கரை விளக்கம் 112 அடி உயரத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டையோடு நிற்கிறது. ஆனால் முகாமிலிருந்து அதை அடைய ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் மணல் கலந்த பாதையில் நடக்க வேண்டும். எங்கள் வீட்டு வாசற்படியில் இறங்க அம்மா சுவரைப் பிடித்துக்கொள்வதை நாங்கள் நினைவூட்டினோம். அடுத்து டக்குவாமெனன் அருவி. இருநூறு அடி அகலத்தில், சதுப்புக்காட்டு மரச்சாறு ஊறித் தேநீர் நிறத்தில் விழும் தண்ணீர். அக்காவின் மகள் அதற்காக அழுதாள். அங்கே போக மாக்கினா பாலத்தைக் கடக்க வேண்டும். 1957இல் திறந்த, ஐந்து மைல் நீளப் பாலம். நடுவில் சாலை இருநூறு அடி உயரத்தில் போகிறது. உள்வரிசையில் தளமே கிடையாது, இரும்புக் கம்பி வலைதான், கீழே நீர் தெரியும். காற்று மிகுந்தால் டிரெய்லர்களைக் காவல் வண்டியின் பின்னால் ஊர்ந்து வரச் சொல்வார்கள். முதல் பயணத்திலேயே இது வேண்டாம் என்று பெரியவர் சொல்லிவிட்டார்.

பேரேரியின் கரையை ஒட்டிய இடங்களைப் பற்றியும் அவர் தயங்கினார். நீர்மட்டம் ஏறிக்கொண்டிருக்கிறது, போன கோடையிலேயே மணற்கரை சுருங்கிவிட்டது என்றார். அவர் சொன்னது சரி. 2019இல் பேரேரிகள் பல பத்தாண்டுகளில் காணாத உயரத்துக்கு எழும்பி, கரைகளை விழுங்கின.

இறுதியில் இன்டர்லாக்கன். டெட்ராய்ட் பகுதியிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர். பாலம் இல்லை, மலை இல்லை. இரண்டு சிறிய ஏரிகளுக்கு இடையில் இருப்பதால் அந்தப் பெயர். தமிழில் இடையேரி என்று சொல்லலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிச்சிகனின் வெள்ளைப் பைன் காடுகளை அநேகமாக முழுதாக வெட்டித் தீர்த்தார்கள். 1871இல் எரிந்த சிகாகோவை மறுபடி கட்டியதும் அந்த மரத்தில்தான். கோடரிக்குத் தப்பி இந்த இரு ஏரிகளுக்கு நடுவே நின்ற ஒரு சிறு துண்டுக் காட்டை 1917இல் மாநில அரசு அறுபதாயிரம் டாலர் கொடுத்து வாங்கி மக்களுக்காக வைத்தது. இருநூறு ஏக்கர்கூட இல்லை. மிச்சிகனின் மாநிலப் பூங்காக்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று.

அங்கே இரண்டு வகை முகாம் உண்டு. மேற்கே கிரீன் ஏரிப் பக்கம் ‘எளிய’ வகை: மின்சாரம் கிடையாது, குழிக் கழிப்பறை. கிழக்கே டக் ஏரிப் பக்கம் ‘நவீன’ வகை: மின் இணைப்பு, வெந்நீர்க் குளியலறை. அக்கா முதல் வகையை விவரித்தபோது அம்மா சற்று நேரம் கேட்டுவிட்டு, ‘இதுக்கா காசு குடுக்காவ? இதெல்லாம் நம்ம ஊர்ல சும்மாவே கெடந்துதே’ என்றாள். அத்தோடு அந்த வகை முடிந்தது.

மனையில்தான் சண்டை வந்தது. அத்தானுக்கு ஏரியை ஒட்டிய வரிசை வேண்டும். கிழக்குப் பார்த்த கரை. படுக்கையில் இருந்தே சூரியன் நீரில் எழுவதைப் பார்க்கலாம். அவர் நாங்குநேரிப் பக்கத்துக்காரர். பிள்ளைப் பருவம் முழுதும் குளத்தங்கரையில் கழிந்தது. குளம் வற்றிப்போன ஆண்டில்தான் குடும்பம் ஊரை விட்டு வந்தது. டிரெய்லர் வாங்கியதே தண்ணீர் பார்த்து விழிப்பதற்கு என்று அக்கா ஒருமுறை எங்களிடம் தனியாகச் சொன்னாள். ஆனால் ஏரி வரிசையிலிருந்து குளியலறைக் கட்டடம் தொலைவு.

“அதான் டிரெய்லர்லயே டாய்லெட் இருக்கே, அத்தை” என்றார் அத்தான்.

“இருக்கட்டும் மாப்பிள்ளை. சோறு பொங்குற எடத்துக்கும் அதுக்கும் நடுவுல ஒரு பலகதான இருக்கு. நான் போமாட்டேன்.”

அத்தான் காற்றுப்போக்கியைப் பற்றியும் நீரடைப்பு மூடியைப் பற்றியும் விளக்கினார். அம்மாவின் தயக்கம் நாற்றத்தைப் பற்றியது அல்ல என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு துணித்திரைக்கு அப்பால் மருமகன் படுத்திருக்க, நள்ளிரவில் மூன்று முறை அந்தக் கதவைத் திறந்து மூட அம்மாவால் முடியாது. அதை அவள் வாயால் சொல்ல வைப்பதும் முறையல்ல. பொறியியலாளர்களுக்கு எதையும் விளக்கிவிட முடியும் என்ற நம்பிக்கை உண்டு. அது அவர்கள் குற்றமில்லை.

டிசம்பர் 17 எங்களுக்கு மார்கழி பிறந்த மறுநாள். அங்கே காலை எட்டு மணி, இங்கே மாலை ஆறரை. அம்மா விளக்கேற்றி முடித்திருந்தாள். காணொளி அழைப்பில் அக்கா வீட்டுக் கணினித் திரை மங்கலாகத் தெரிந்தது. ஏரி வரிசையில் பெரும்பாலான மனைகள் ஏற்கெனவே போயிருந்தன. இரண்டு நாள் முன்னதாகத் தங்க வருகிறவர்கள் இரண்டு நாள் முன்னதாகவே பதிவு செய்துவிடுகிறார்கள் என்ற எளிய கணக்கை நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை. மிஞ்சியிருந்த ஒன்றிரண்டும் எட்டு மணி அடித்துச் சில நொடிகளில் நிறம் மாறின. அத்தான் விரலை எடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அக்கா குனிந்து ஒரு மனையை அழுத்தினாள். குளியலறைக் கட்டடத்துக்கு எதிரே, வளைவின் உள்பக்கம். முகாம்வாசிகள் எவரும் விரும்பாத மனை: இரவெல்லாம் விளக்கு, கதவடிக்கும் ஓசை, ஓயாத ஆள் நடமாட்டம். ஆறு பேர் தங்கலாம். நாங்கள் சரியாக ஆறு பேர்.

“கக்கூஸ் பக்கத்துலயா?” என்றார் அத்தான். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

மே மாதம் நாங்கள் போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பேச்சு மறுபடி எழுந்தது. யாரோ விட்டுக்கொடுத்ததில் ஏரி வரிசையில் ஒரு மனை காலியாகியிருந்தது. அத்தான் அதைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தார். அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கவில்லை; எட்டிப் பார்க்காமல் இருப்பதே போதுமான சத்தமாக இருந்தது. நாங்கள் நடுவில் அமர்ந்திருந்தோம். ‘எடுத்துக்கொள்ளுங்கள் அத்தான், அம்மாவை நாங்கள் நடத்திக் கூட்டிப்போகிறோம்’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரவில் மூன்று முறை எழுந்து கூட்டிப்போகிறவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியும். அத்தான் கணினியை மூடிவிட்டு புல் வெட்டப் போனார்.

அக்காவின் வீடு அழகானது. ஆனால் அந்த ஐந்து வாரமும் அம்மா சன்னலருகே அமர்ந்து தெருவைப் பார்த்தாள். தெருவில் யாரும் வரவில்லை. கார் வரும், சேமிப்பறைக் கதவு தானே திறக்கும், கார் உள்ளே போகும், கதவு மூடும். ‘ஆளுக மொகமே தெரியலயே’ என்பாள். நாள் முழுதும் பேசாமல் இருந்துவிட்டு மாலையில் அக்கா வந்ததும் அவளும் பேசுவதற்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருப்பாள். விண்ணப்பம் பற்றிய பேச்சை அக்கா முகாமுக்குப் பிறகு என்று தள்ளி வைத்தாள்.

ஜூன் 17, திங்கட்கிழமை. அந்த வசந்தம் முழுதும் மழை. போய்ச் சேர்ந்த அன்றும் தூறிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையில் அறுபது மைலுக்கு மேல் போகாத அத்தானை எல்லோரும் முந்திச் சென்றார்கள். அதெல்லாம் சிரமமில்லை. சிரமம் கடைசி ஐம்பது அடியில் இருந்தது. டிரெய்லரைப் பின்னோக்கி மனைக்குள் நுழைக்க வேண்டும். வண்டியை இடப்பக்கம் திருப்பினால் பெட்டி வலப்பக்கம் போகும். கையை ஸ்டீயரிங்கின் அடிப்பாகத்தில் வைத்துக்கொள், பெட்டி எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து என்று பெரியவர் சொல்லிக் கொடுத்திருந்தார். அத்தானுக்கு அது தெரியும், கைக்குத் தெரியவில்லை. பின்னால் நின்று அக்கா ஒரு கையால் ‘வா’ என்றாள், மறு கையால் ‘நில்’ என்றாள். முதல் முயற்சியில் பெட்டி மடங்கிக்கொண்டது. இரண்டாவதில் மின்கம்பத்தை முத்தமிடப் போயிற்று. சுற்றியிருந்த மனைகளில் மக்கள் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள்; இது அங்கே மாலைநேரப் பொழுதுபோக்கு என்று பிறகு தெரிந்தது. நான்காவது முயற்சியில் எதிர்மனைக்காரர் எழுந்து வந்தார். தாடி வைத்த, பெரிய உடம்புக்காரர். ஒன்றும் கேட்காமல் பின்னால் போய் நின்று கையசைக்கத் தொடங்கினார். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மேலே கிளையைப் பார்த்தார், ஒருவர் கம்பத்தருகே நின்றார். அக்காவின் மகள் சக்கரத்துக்கு அடியில் கட்டைகளைச் செருகினாள்.

அம்மா தூறலில் குடை பிடித்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “நம்ம நெல்லையப்பர் தேரு மாதிரில்லா இருக்கு. முட்டுக்கட்டை போடுதாவ பாரு” என்றாள். ஆனி மாதம் பிறந்திருந்தது. ஊரில் தேருக்கு நாள் குறித்திருப்பார்கள்.

பெட்டியைச் சமன் செய்ய ரசமட்டம் வைத்துப் பார்த்தோம். இடப்புறச் சக்கரத்துக்கு இரண்டு பலகை வேண்டியிருந்தது. சமன் இல்லாவிட்டால் அந்த வகைக் குளிர்ப்பெட்டி வேலை செய்யாது. அதற்குள் எதிர்மனைக்காரர் அம்மாவுக்குத் தம் மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டார். டிரெய்லரின் பக்கவாட்டுத் துணிக்கூரையை விரித்ததும் அம்மா அதன் கீழ் அமர்ந்தாள். அடுத்த மூன்று நாளும் சாப்பாட்டுக்கும் உறக்கத்துக்கும் தவிர அந்த இடத்தைவிட்டு அவள் அசையவில்லை என்றே சொல்லலாம்.

எவரும் விரும்பாத மனைக்கு ஒரு குணம் இருந்ததை நாங்கள் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. முகாமில் உள்ள அத்தனை பேரும் நாளில் பலமுறை அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். தோளில் துண்டு, கையில் பல்துலக்கி, தலையில் ஈரம். கட்டம்போட்ட இரவுக் கால்சட்டையோடு கணவன்மார். குளிக்க மாட்டேன் என்று அழும் பிள்ளைகளை இழுத்துப் போகும் தாய்மார். நாயோடு ஒருவர், நாய்க்காகவே ஒருவர். ஒவ்வொருவரும் அம்மாவைப் பார்த்துக் கையசைத்தார்கள். அம்மா முதல் நாள் திருப்பித் தலையசைத்தாள். இரண்டாம் நாள், ‘என்ன, குளிச்சாச்சா?’ என்று தமிழிலேயே கேட்கத் தொடங்கினாள். அவர்களும் ஏதோ பதில் சொன்னார்கள். ஆங்கிலமும் தமிழும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாமல், ஒன்றும் குறையாமல், நடந்துகொண்டிருந்தன. மூன்றாம் வளைவுக் குடும்பத்தில் சண்டை என்பதும் நாய்க்காரர் மனைவியை இழந்தவர் என்பதும் எங்களுக்கு முன்னால் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எப்படி என்று கேட்டால், ‘மொகத்தைப் பார்த்தா தெரியாதா?’ என்றாள்.

இரவு மணி ஒன்பதரைக்குத்தான் சூரியன் மறைந்தது. பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பது விதி. குளியலறை விளக்கின் வெளிச்சம் எங்கள் சன்னல் திரையை ஊடுருவிப் பலகைக் கட்டிலின் மேல்தட்டில் படுத்தவரின் முகத்தில் நேராக விழுந்தது. (நாற்பது வயதுக்கு மேல் பலகைக் கட்டிலின் மேல்தட்டில் ஏறிப் படுப்பதைப் பற்றி வேறொரு கட்டுரை எழுத வேண்டும்.) கதவு அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா எழுந்தாள், நாங்கள் எழுந்தோம், முப்பது அடி நடந்தால் கட்டடம். ஏரி வரிசையை எண்ணிப் பார்த்துக்கொண்டு திரும்பி வந்து படுத்தோம். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஏரி வரிசை உண்மையிலேயே அழகாக இருந்தது. இரண்டாம் நாள் அதன் வழியே நடந்தபோது, நீரிலிருந்து சில அடி தள்ளி ஒரு குடும்பம் மேசையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தது. பின்னால் அந்தப் பழைய பைன் மரங்கள். அத்தான் நின்று பார்த்தார். நாங்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் மரங்களைப் பார்த்தோம்.

புதன்கிழமை காலை ஐந்தரை மணிக்கு விழித்தபோது அம்மாவின் படுக்கை காலியாக இருந்தது. குளியலறையில் இல்லை. நாற்காலியில் இல்லை. எங்களைக் கூப்பிடாமல் அவள் ஒரு நாளும் இறங்கியதில்லை. அக்கா செருப்புப் போடாமல் ஒரு திசையில் ஓடினாள், நாங்கள் மறு திசையில். நானூற்றுக்கு மேற்பட்ட மனைகள். எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைப் பெட்டிகள். திரும்பி வர நினைத்தாலும் வழி தெரியாத வளைவுகள். அம்மாவுக்கு மனையின் எண்ணைச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த ஓட்டத்தில், அம்மா இங்கேயே இருந்துவிட்டால் நல்லது என்று நாங்கள் போட்ட கணக்கு முழுவதும் எங்கள் கூடவே ஓடி வந்தது.

அத்தான்தான் கண்டுபிடித்தார். அவருக்கு வேறு எங்கும் தேடத் தோன்றவில்லை; நேரே தண்ணீருக்குப் போயிருக்கிறார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கரையில் மூன்று நாற்காலிகள். ஒன்றில் அம்மா, ஒன்றில் நாய்க்காரர், ஒன்றில் அத்தான். அம்மாவின் கையில் காகிதக் கோப்பையில் பாலில்லாத காப்பி. அதை அவள் குடிக்கவில்லை, சூட்டுக்காகப் பிடித்திருந்தாள். சூரியன் அப்போதுதான் எதிர்க்கரை மரங்களுக்கு மேலே வந்துகொண்டிருந்தது.

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு, “எப்படிம்மா இவ்வளவு தூரம் நடந்தே?” என்று சத்தம் போட்டாள்.

“எங்க தூரம்? ஒவ்வொரு வீட்டுலயா நின்னு நின்னு வந்தேன். அந்தத் தாடிக்கார வீட்டுல பெஞ்சு, அடுத்தாப்ல பச்ச வண்டி. இங்க தெரு இருக்குல்லா” என்றாள் அம்மா. பிறகு அத்தான் பக்கம் திரும்பி, “ஒங்க குளம் நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை” என்றாள். அத்தான் தலையை ஆட்டினார். வெகு நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

வியாழக்கிழமை புறப்படும்போது கழிவுத் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். பூங்காவின் வாயிலருகே அதற்கென்று ஓர் இடம். முதலில் கழிப்பறைத் தொட்டி, பிறகு குளியல்நீர்த் தொட்டி. அந்த வரிசையில் திறந்தால்தான் இரண்டாவது நீர் முதல் குழாயைக் கழுவும். அத்தான் கையுறை மாட்டிக்கொண்டு குனிந்து குழாயைப் பொருத்தினார். முன்னாலும் பின்னாலும் வரிசையாக மருத்துவர்களும் வணிகர்களும் ஆசிரியர்களுமாக இருக்கக்கூடிய மனிதர்கள் அதையே செய்துகொண்டிருந்தார்கள். அம்மா வண்டிக்குள்ளிருந்து பார்த்தாள். எங்கள் தெருவில் இந்த வேலையை யார் செய்தார்கள், அவர்களுக்கு எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் கொடுத்தோம் என்பது வண்டியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசவில்லை.

விண்ணப்பம் பற்றி அக்கா திரும்பிச் செல்லும் வழியில் கேட்டாள். அம்மா, ‘அந்த எடத்துலயே வீடு வாங்கித் தாரியா, இருக்கேன்’ என்றாள். அக்கா சிரித்தாள், பிறகு கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வாரக் கடைசியில் அம்மா எங்களோடு ஊர் திரும்பினாள். விமானத்தில் நாங்கள் ஒருவரோடொருவர் இதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. வந்து இறங்கியதும் அம்மாவின் அறையை முன்பக்கத்துக்கு, தெருவைப் பார்த்த அறைக்கு, மாற்றினோம். புத்தகங்கள் பின்னறைக்குப் போயின.

அடுத்த ஆண்டு பெருந்தொற்று வந்தது. அதன் பிறகு அம்மா பயணம் செய்யவில்லை. இனிச் செய்யவும் மாட்டாள். எண்பதைத் தாண்டிவிட்டாள். அத்தான் இப்போது முதல் முயற்சியிலேயே பெட்டியை நுழைத்துவிடுகிறாராம். இரண்டு நாள் முன்னதாகவே பதிவு செய்யும் கணக்கும் பழகிவிட்டது, ஏரி வரிசை கிடைக்கிறது. ஆயினும் ஒவ்வொரு டிசம்பரிலும் ஏதாவதொரு மாலை ஆறரை மணிக்கு அக்கா அழைத்து, திரையை அம்மாவின் பக்கம் திருப்பி, எந்த மனை வேண்டும் என்று கேட்பாள். அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, அந்தச் சிறு சிறு கட்டங்களை எல்லாம் பொறுமையாகப் பார்ப்பாள்.

“கக்கூஸ் பக்கத்துலயே போடு” என்பாள். “தாடிக்காரன் வருவானான்னு கேளு.”